உரிமம் இல்லாத மழை விடுமுறை

தலைமையாசிரியை எஸ்தர் செல்வமலருக்கு இருப்புக்கொள்ளவில்லை. முந்தாநாள் அவர் மழை விடுமுறை விட்டார், வெயில் கொளுத்தியது. அதற்காகப் பள்ளித் தலைமை உரிம வாரியம், விசாரணை முடியும்வரை அவருடைய உரிமத்தை நிறுத்திவைத்துவிட்டது. அந்நிலையில் பள்ளியை மூடினால் உரிமம் நிரந்தரமாகப் போய்விடும். இன்றோ மழைநீர் ஒன்றாம் வகுப்புக்குள் புகுந்திருந்தது. பூட்டிய வாயிலில் பெற்றோர் குடைகளோடு முட்டிமோதினர்.

விடுமுறைக்கு அனுமதி கேட்டு வாரியத்தைத் தொலைபேசியில் அழைத்தார்.

“விசாரணை நாளைக்குத்தான் மேடம். நாங்க யாருக்கும் சலுகை காட்டுறதில்ல,” என்றது பணிவான குரல்.

கணக்கு ஆசிரியர் மரியதாஸ் சிரிக்க முயன்றார். “நீங்க லீவு விட்டாத்தான் வெயிலடிக்குமே டீச்சர்! வேணாம், வேலை போயிடும்.”

“பிள்ளைங்க பெஞ்சு மேல ஏறி நிக்குதுங்க சார்,” என்ற எஸ்தர், தாமே போய் நீண்ட மணியை அடித்து வாயிலைத் திறந்தார்.

பிள்ளைகள் ஆரவாரத்தோடு பெற்றோரிடம் ஓடினார்கள். கடைசிப் பிள்ளை வெளியேறுமுன்பே, உரிமம் ரத்தான செய்தி கைபேசியில் வந்துவிட்டது.

அந்தக் கடைசிப் பிள்ளை, ஒன்றாம் வகுப்பு யாழினி, திரும்பிப் பார்த்தாள். “டீச்சர், நாளைக்கும் லீவா?”

எஸ்தர் குனிந்து அவள் குடையை விரித்துக் கொடுத்தார்.

“நாளைக்குப் புது டீச்சர் வருவாங்கம்மா, அவங்களைக் கேளு. லீவு விட ரொம்ப பயப்படுவாங்க. நீ நல்லா சத்தமாக் கேளு.”