தணிகாசலத்தின் குரல்

நாற்பது வருடம் நாடகத்திலும் சினிமாவிலும் ஊரைச் சிரிக்க வைத்த தணிகாசலத்துக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனில் உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அவருடைய கடைசிப் படத்துக்கு ரூபன் என்கிற மிமிக்ரி கலைஞன் அச்சு அசலாக அவர் குரலிலேயே டப்பிங் பேசினான். ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்ட தணிகாசலம், முடிந்ததும் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: “ஒருமுறை என் வீட்டுக்கு வர முடியுமா?”

அவர் மனைவி வேதவல்லிக்குக் கண் தெரியாது. நினைவும் தப்பிக்கொண்டிருந்தது. ஆபரேஷனைப் பற்றி யார் எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுவாள். அவர் தொட்டால், “யாரு நீ? கைய எடு” என்று சுருண்டுகொள்வாள்.

ரூபன் கட்டிலருகே உட்கார்ந்து, அவர் எழுதித் தந்ததைப் பேசினான். “வேதா, சாப்ட்டியா?”

அவள் முகம் மலர்ந்தது. “வந்துட்டீங்களா? எத்தன நாளாச்சு” என்று அவன் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “தெனமும் ஒரு ஆள் வந்து பக்கத்துல உக்காந்துக்கறான். வாயே தொறக்க மாட்டேங்கறான். பயமா இருக்கு. இனிமே வர வேணாம்னு சொல்லிடுங்க.”

ரூபன் நிமிர்ந்து தணிகாசலத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

“சொல்லிடறேன் வேதா” என்றான் ரூபன், அவர் குரலில்.