மூடிக்குள் ஒட்டியிருந்த தாள்

எல்லார் முன்னாலும் என்னை அவமானப்படுத்தியவன் என் மச்சினன் ஜெகதீசன்தான்.

ஞாயிறு பூசை முடிந்து, அவனும் சேர்ந்து குடும்பத்தோடு பூனா கேம்ப்பில் உள்ள பெட்ரோல் பங்குக்குப் போனோம். என் வாடகை வண்டி பழசு, ஆனால் உசத்தி பெட்ரோல் கேட்கும் டர்போ இன்ஜின்.

"சாதா பெட்ரோலா, தொண்ணூத்தஞ்சு ஆக்டேனா, நூறா?" என்றான் பங்க்காரன்.

"சாதா."

"மாமா, எது போடணும்னு டேங்க் மூடிக்குள்ள இங்கிலீஷ்ல இருக்கு. படிக்கத் தெரியாதா?" என்றான் ஜெகதீசன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் ஊரில் தமிழ் மட்டும் அஞ்சாவது வரை படித்தவன். அவன் சாகண் கார் ஆலையில் இன்ஜினியர்.

அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். வீம்புக்குச் சாதாவே போட்டேன். பங்க்காரனே திறந்து மூடுவான்; அந்த மூடிப் பக்கம் நான் போகவே இல்லை.

ஒருநாள் ஊருக்கு வெளியே கத்ரஜ் மலையேற்றத்தில், டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவதுபோல் இன்ஜின் சத்தம் போட ஆரம்பித்தது.

"காகா, இன்னும் சாதா போட்டா இன்ஜின் போயிடும். மூடியைப் பாருங்க" என்றார் மெக்கானிக் இஸ்மாயில்.

இன்ஜின் போனால் என் பிழைப்பும் போச்சு. வீட்டுக்கு வந்து யாரும் பார்க்காதபோது மூடியைத் திறந்தேன்.

இங்கிலீஷ் எழுத்தின் மேல் ஒரு தாள். கோணல்மாணலாகத் தமிழ்.

'மாமா, 95 போடுங்க. 100 வேண்டாம்.'

"மரியம்மா, உனக்குக் கை நடுங்குதா? இப்படி எழுதியிருக்கே?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நான் எழுதல. தம்பி வந்து ஒட்டிட்டுப் போனான்."

"ஜெகதீசனா? அவன் பூனாவுல பொறந்து மராத்தியில படிச்சவன். தமிழ்ல தன் பேரைக்கூட எழுதத் தெரியாதே."

"தெரியாதுதான். நீங்க பேச்சை நிறுத்தினதும் கோயில் உபதேசியார்கிட்டப் போய் உட்கார்ந்து அனா ஆவன்னாவுல ஆரம்பிச்சான். சின்னப் பிள்ளைங்க கூட உட்கார்ந்து எழுதுனானாம்."

"உன்கிட்டச் சொல்லி அனுப்பியிருக்கலாமே?"

"மாமாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொன்னது நான், அவர் படிக்கிற மாதிரி நான்தான் எழுதணும்னுட்டான்."

ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். பேனா அழுத்தி அழுத்தித் தாளே பள்ளமாகியிருந்தது. நாற்பது வயது ஆள். எப்படி உட்கார்ந்தானோ அந்தச் சின்ன பெஞ்சில்.

மறுநாள் தொண்ணூத்தஞ்சு போட்டுக் கத்ரஜ் ஏறினேன். வண்டியிலிருந்து அந்தக் கூழாங்கல் சத்தம் வரவே இல்லை.

எல்லாம் சரி. இவ்வளவு கற்றுக்கொண்டவன், கீழே 'மன்னிச்சிடுங்க' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவனிடமிருந்து இன்னும் வரவில்லை.