முந்தானை முனையில் மஞ்சள்

“விடுங்க பாமாக்கா, நான்தான் மொதல்ல பார்த்தேன்...”

“நீ எங்க பார்த்தே? டம்ளரைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுட்டு இருந்தே. என் கை அதும்மேல...”

“கை டம்ளர்ல இருந்தா கண்ணு தெரியாதா? இழுக்காதீங்க, கிழியப் போகுது!”

“மைசூர் சில்க்குடி. அவ்வளவு சுலபமா கிழியாது. நீ விடு.”

வைட்ஃபீல்ட் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில், ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, ஒரு கிளிப்பச்சைப் புடவை தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு முனை சரளாவிடம். மறுமுனை பாமாவிடம்.

ஆஸ்டின் டவுனில் முப்பது வருஷமாக எதிரெதிர் வீடு. ரேஷன் கடை வரிசையில்கூட ஒருத்திக்கு ஒருத்தி இடம் பிடித்து வைப்பவர்கள்.

சரளாவின் மகன் ராகேஷ் இங்கே ஏழாவது மாடியில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை மகள் மகாவுக்கு நிச்சயதார்த்தம். தங்கை நிச்சயத்துக்கு அண்ணனை நேரில் வந்து அழைக்க வேண்டாமா என்று சரளா கிளம்ப, பாமாவும் கூட ஒட்டிக்கொண்டாள். வருவதாக முன்னால் சொல்லவில்லை.

கீழே ஏதோ பழைய சாமான் விற்பனை நடக்கிறதாமே என்று கேட்டதற்கு, மருமகள் சுனிதா அவசரமாகச் சொன்னாள்: “அங்க ஒண்ணுமே இருக்காது அத்தை, எல்லாம் குப்பை. உட்காருங்க, காபி போடறேன்.”

குப்பை என்றால் பாமாவைப் பிடித்து நிறுத்த முடியுமா?

வந்து பார்த்தால், என்ன குப்பை! பீங்கான் ஊறுகாய் ஜாடி, விளிம்பில் ஒரு சில்லுகூடப் போகவில்லை. அழுந்தத் துடைத்தால் தங்கமாக மின்னப்போகும் பித்தளை டவரா. எண்ணெய் குடித்துக் குடித்துக் கன்னங்கரேலென்று பழகிய தோசைக்கல். அழுக்கு என்று நினைத்து யாரோ ஐம்பது ரூபாய் போட்டிருந்தார்கள். பாமா அதை வாங்கிப் பைக்குள் தள்ளிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒவ்வொரு பொருளிலும் ஒரு சீட்டு குத்தியிருந்தது. விலையும், விற்கிறவர்களின் வீட்டு நம்பரும்.

கடைசி மேசையில்தான் அந்தக் கிளிப்பச்சை.

“பச்சை உனக்கு ஆகாது, சரளா. முகம் வெளுத்துப் போன மாதிரி காட்டும்.”

“உங்களுக்கு மட்டும் ஆகுமா? போன வருஷம் பச்சை கட்டிட்டு வந்தப்போ, கீரைக் கட்டு மாதிரி இருக்கேன்னு நீங்களேதான் சொன்னீங்க!”

“ஆன்ட்டி, ஜகள பேடா, ப்ளீஸ்.” மேசைக்குப் பொறுப்பான ஷ்ரேயா எழுந்து வந்தாள். கல்லூரிப் பெண். “சண்டை வேண்டாம். சீட்டு எங்கே? விலை என்ன போட்டிருக்கு?”

“ரெண்டாயிரத்து ஐந்நூறு,” என்றாள் சரளா.

“சீட்டே இல்லையே ஆன்ட்டி?”

“இருந்துச்சும்மா. அப்புறம் விழுந்துடுச்சு.”

“ஆமா ஆமா, விழுந்துடுச்சு,” என்றாள் பாமா. “நானும் பார்த்தேன்.”

ஷ்ரேயா புடவையைப் புரட்டினாள். அது தண்ணீர் மாதிரி அவள் விரல்களிலிருந்து நழுவியது. முந்தானை முனையில் அவள் கை நின்றது.

“அய்யோ, இங்கே கறை இருக்கு.”

நகத்தளவு மஞ்சள்.

புதுப் புடவைக்கு முனையில் துளி மஞ்சள் தடவாமல் ஆஸ்டின் டவுனில் யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. அது சரளாவுக்கும் தெரியும், பாமாவுக்கும் தெரியும். இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

“கறைதான்மா,” என்றாள் பாமா. “போகவே போகாது.”

“சோப்பு போட்டா சிவந்துடும்,” என்றாள் சரளா.

“யாரு கட்டுவா இதை?”

“பாவம், சும்மா கொடுத்தாக்கூட யோசிப்பாங்க.”

ஷ்ரேயாவுக்கு வருத்தமாகிவிட்டது. “சரி, ஆயிரத்து ஐந்நூறு கொடுங்க. யாருடையதுன்னு கேட்டு வரவங்ககிட்ட கொடுத்துடறேன். உங்க ரெண்டு பேர்ல யாருக்கு?”

உடனே இரண்டு முனையும் மறுபடி விறைத்தன.

“அக்கா, வெள்ளிக்கிழமைக்கு எனக்கு ஒரு நல்ல புடவை இல்ல.”

“உனக்கா? மகாவுக்கு எடுக்கறியோன்னு நினைச்சேன்.”

“எனக்குத்தான். நான்தான் கட்டிக்கப் போறேன்.”

பாமா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளுடைய இடது கையைப் பார்த்தாள். இத்தனை இழுபறியிலும் சரளா அந்த முஷ்டியைத் திறக்கவே இல்லை.

பாமா முனையை விட்டுவிட்டாள்.

சரளாவுக்கு மூச்சு வாங்கியது. வலது கையாலேயே பர்ஸைத் திறந்து, வலது கையாலேயே பணத்தைக் கொடுத்தாள். புடவையைச் சுருட்டி, ஏற்கெனவே வாங்கியிருந்த டவராவுக்கும் ஜாடிக்கும் அடியில், பையின் ஆழத்தில் புதைத்தாள். பத்து வயசு குறைந்த மாதிரி முகம் சிவந்திருந்தது.

ஏழாவது மாடிக்குத் திரும்பிப் போகலாம் என்று இருவருமே சொல்லவில்லை. நேராக கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார்கள்.

சரளா பைக்குள் கைவிட்டு, அந்தப் பட்டுப் புடவையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். உதடு தானாக விரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

பாமா தோசைக்கல் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, வராத பஸ்ஸைப் பார்த்தபடி சொன்னாள்:

“அந்தச் சீட்டைக் கசக்கிப் போட்டுடு, சரளா. போன தீபாவளிக்கு சுனிதாவுக்குன்னு நாம எடுத்தப்பவே, கடைக் கண்ணாடியில அது உனக்குத்தான் எடுப்பா இருந்துச்சு.”