ஐந்துக்கு மூன்று

காலாண்டுத் தேர்வு வினாத்தாளில் பதினேழாவது கணக்கு ஜெசிந்தா டீச்சர் போட்டது. தாய், மகள் வயதுகளின் விகிதம் 5:3. ஏழு ஆண்டுகளுக்கு முன் அது 2:1. இப்போது அவர்களின் வயது என்ன? சரிபார்த்துக்கொண்டிருந்த இன்னாசிமுத்து சார் தாயின் வயதை x என்றும் மகளின் வயதை y என்றும் வைத்து இரண்டு சமன்பாடுகள் எழுதினார். 3x = 5y. x − 7 = 2(y − 7). விடை வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

“டீச்சர், முப்பத்தஞ்சு, இருபத்தொண்ணு வருது. பதினாலு வயசுலயா பெத்தா? வேற நம்பர் போடுங்க. பிள்ளைங்க சிரிக்கும்.”

கைக்கு எது வருகிறதோ அதை வைத்துக் கணக்கு போடுவதுதான் ஜெசிந்தாவின் வழக்கம். வேறு எண்களைப் போட்டுப் பார்த்தாள், பின்னமாக வந்தது. கடைசியில் எண்களைத் தொடாமல், ‘தாய்’ என்பதை அடித்து ‘அக்கா’ என்றும், ‘மகள்’ என்பதை அடித்து ‘தங்கை’ என்றும் எழுதினாள். அதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வீட்டுக் குடும்ப அட்டையிலும் இருபத்தோரு வருடமாக அவள் அக்காதான்.

சார் மறுபடி போட்டுப் பார்த்தார். அதே முப்பத்தைந்து, அதே இருபத்தொன்று.

“இப்ப ஒரு தப்பும் இல்ல டீச்சர்” என்றார்.