ஒருக்களித்த கதவு

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிப்டுக்கு இரண்டு எஃகுக் கதவுகள் இருந்தன. இரண்டும் ஒரே தகட்டில் வெட்டியவை. ஆனால் மெருகேற்றிய மெல்லிய கோடுகள் வலக்கதவில் படுக்கையாகவும் இடக்கதவில் செங்குத்தாகவும் ஓடின. கூரை விளக்கின் கீழே வலது பளபளத்தது, இடது கறுத்துத் தெரிந்தது.

“மூஞ்சியைக் கழுவித் தொலையேன்டா,” என்றது வலது.

“தினமும்தான் தேய்க்கிறாங்க அண்ணே. போக மாட்டேங்குதே,” என்றது இடது. தன்மேல் என்ன அழுக்கு என்று அதற்குப் புரியவே இல்லை.

அழுக்கு போகவில்லை என்று கடைசியில் இடக்கதவைப் பழைய இரும்புக்குப் போட இரண்டு ஆட்கள் வந்து கழற்றினார்கள். பக்கவாட்டில் ஒருக்களித்துத் தூக்கியதும் கோடுகள் படுக்கையாகி, கதவு பளீரென்று மின்னியது. திகைத்துப்போய் நிமிர்த்தினால் கறுத்தது. மறுபடி ஒருக்களித்தால் மின்னியது.

“இதுல அழுக்கு எங்கய்யா இருக்கு?” என்று ஒருவர் தலையைச் சொறிந்தார்.

“அண்ணே, நான் கறுப்பா, பளபளப்பா?” என்று இடது குழம்பிப்போய்க் கேட்டது.

வலது மெல்லச் சொன்னது:

“தம்பி, என்னையும் ஒருக்களிச்சுப் பாருங்கன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதே.”