ஹெல்மெட்டுக்குள் ஒரு பல்வலி

"அந்தக் கொய்யா மரம் நிக்கிற வரைக்கும் நம்ம கடை உருப்படாதுடி!"

மருந்துக் கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் கேட்கிற பாட்டுதானே.

மரம், கடையை ஒட்டிய சந்துக்குள் தையல்காரி வீட்டில் நின்றது. வயிற்றுப்போக்கா, அதன் கொழுந்தை மென்று தின்னு. பல்வலியா, இலையைக் கொதிக்க வைத்துக் கொப்பளி. இருமலா, அதே தண்ணீரைக் குடி. தெருவே அவளைக் 'கொய்யா அக்கா' என்றுதான் கூப்பிட்டது. ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கையில் இலையோடு கடை வாசலைத் தாண்டிப் போவார்கள். பார்க்கப் பார்க்க இவருக்கு வயிறு எரியும்.

"படிப்பு கிடையாது, லைசென்ஸ் கிடையாது. இலையைக் கிள்ளிக் கொடுத்தே டாக்டர் ஆயிட்டா!"

"காசா வாங்குறா? சும்மாதானே கொடுக்குறா," என்றாள் மனைவி.

"அதான்டி கொடுமை! சும்மா கொடுக்கிறவகூட எவன் போட்டி போடுறது?"

அவரிடம் ஒரு பழக்கம். டாக்டர் சீட்டைப் பார்ப்பார், மாத்திரையைப் பார்ப்பார், வந்த ஆளின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். இருபது வருஷமாக வருகிறவரைக்கூட 'சர்க்கரை, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு' என்று சொன்னால்தான் தெரியும்.

கடைசியில் நகராட்சிக்கு ஒரு புகார் எழுதிப் போட்டார். மரத்தின் வேர் சாக்கடைக் குழாயை உடைக்கிறதாம். வேர் அந்தக் குழாய்ப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மறுவாரமே கடைவாய்ப் பல் அவரைப் பிடித்துக்கொண்டது.

கடை நிறைய மாத்திரைகள் இருந்தன. ஆனால் ஊருக்கெல்லாம் மாத்திரை விற்கிற மனுஷருக்கு, தான் ஒன்றை விழுங்குவதென்றால் குலை நடுங்கும். தொண்டையில் சிக்கிக்கொள்ளுமாம். பல் டாக்டர் என்றால் அதைவிட நடுக்கம்.

"நாலு கொய்யா இலை வாங்கி வந்து கொப்பளிங்களேன்," என்றாள் மனைவி.

"நானா? அவ வீட்டுக்கா? என் மானம் என்ன ஆகுறது?"

பல்லுக்கும் மானத்துக்கும் நடந்த சண்டையில் மதியத்துக்குள் பல் ஜெயித்தது. அவர் ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, நடந்தே சந்துக்குள் நுழைந்தார். வண்டி இல்லாமல் ஹெல்மெட் மட்டும் நடந்து வருவதைப் பார்த்து ஒரு நாய் குரைத்தது.

"பல்வலி. இலை வேணும்," என்றார் குரலை மாற்றிக்கொண்டு. வீங்கிய கன்னத்தில் குரல் ஏற்கெனவே மாறித்தான் இருந்தது.

தையல்காரி மிஷினிலிருந்து நிமிரவில்லை. "இருங்கண்ணே, இந்தத் தையலை முடிச்சிட்டு வர்றேன்."

அதற்குள் கோடாலியும் கயிறுமாக இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"மரத்தை வெட்டணும்மா. வேர் குழாயை உடைக்குதுன்னு புகார் வந்திருக்கு."

நாலு இலை வாங்கின பிறகு வந்திருக்கக் கூடாதா இந்தப் பாவிகள்! ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது.

"யாருண்ணே புகார் கொடுத்தது?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

அவள் எழுந்து வந்தாள். மரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். கண் கலங்கியது.

"வெட்டித்தான் ஆகணும்னா வெட்டுங்க. ஆனா அதுக்கு முன்னாடி முனையில இருக்கிற மருந்துக் கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இந்த மரத்தை நம்பித்தான் அந்த மனுஷன் கடை ஓடுது."

"என்னம்மா சொல்றே?"

"எங்கப்பா இலையே போதும்னு டாக்டர்கிட்ட போகாமலேயே போய்ச் சேர்ந்தாரு. அதுலேர்ந்து நான் யாருக்கும் வெறும் இலை தர்றதில்ல. டாக்டரைப் பார்த்துட்டு, முனைக் கடையில மாத்திரை வாங்கிட்டு வந்து, என் கண்ணு முன்னாடி முழுங்கினாத்தான் இலை. இந்த இலைக்காகத்தான் முக்கால்வாசிப் பேர் மெயின் ரோட்டுப் பெரிய கடையை விட்டுட்டு இவர்கிட்ட வர்றாங்க. மரம் போச்சுன்னா அவர் ஈயடிக்க வேண்டியதுதான். பாவம், யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காத மனுஷன், அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகுது!"

கடை வாசலைத் தாண்டிப் போன அந்தப் பத்துப் பேரும் தன்னிடம் மாத்திரை வாங்கிய அதே பத்துப் பேர்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் பல்வலிகூட ஒரு நிமிஷம் மறந்துபோனது.

மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினார். இடது கன்னம் பந்து மாதிரி இருந்தது.

"வெட்டாதீங்கப்பா. குழாய்க்கு ஒண்ணும் ஆகல. புகார் கொடுத்த புண்ணியவான் நான்தான்."

வந்தவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதையும் எழுதிக் கொடுத்துடுங்க சார்," என்றான்.

இவர் தையல்காரியை நிமிர்ந்து பார்த்தார். அவள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் நின்றார்.

"மன்னிச்சிடும்மா. நான் பண்ணினது பெரிய தப்பு."

அவள் போய்க் கிளையை வளைத்து நாலு இலை பறித்து வந்தாள். இவர் கையை நீட்டினார். அவள் இலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும்ணே. முதல்ல மாத்திரையை எடுத்துட்டு வந்து என் கண்ணு முன்னாடி முழுங்குங்க!"