ஓணிக்கு வளர்த்த பூ

"போச்சு! இன்னிக்கும் போச்சு!"

தாட்சாயணி போட்ட சத்தத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் கோவர்த்தனன் தட்டும் கையுமாகக் கொல்லைக்கு ஓடிவந்தார்.

வெள்ளிக்கிழமை மகள் ரூபாவுக்குத் தாவணி போடும் ஓணி விழா. முதல் தாவணிக்குத் தன் கையாலேயே பூச்சாயம் ஏற்ற வேண்டும் என்று தாட்சாயணிக்குக் கொள்ளை ஆசை. அதற்காகவே கொல்லை முழுக்கச் செண்டுமல்லி வளர்த்தாள். ஒரு வாரமாக, அவள் விடியலில் பால் வாங்கி வருவதற்குள் பூ காணாமல் போகிறது.

"மாடு மேஞ்சிருக்கும்மே."

"மாடுன்னா செடியோட துன்னுட்டுப் போவும்யா. இங்க பாரு, பச்சைக் காம்ப வுட்டுட்டு இதழ மட்டும் எடுத்துகினு போயிருக்கா! காம்பு சேந்தா சாயம் மங்கிப்போவும்னு தெரிஞ்சவ. இந்தத் தெருவுல அது தெரிஞ்சவ ரெண்டே பேரு. ஒருத்தி நானு."

இன்னொருத்தி பக்கத்து வீட்டுச் செங்கம்மா. மகளிர் குழு நடத்திய சாய வகுப்புக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள்.

"அவங்க குடுக்கிற நாட்டு முட்டையத் துன்னுகினே அவங்களத் திட்டுறியே!"

"முட்டை குடுத்தா பூவத் திருடலாமா? இரு, நறுக்குனு நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் திரும்ப, எதிரே செங்கம்மா நின்றாள். இடுப்பில் கூடை. கூடை நிறையச் செண்டுமல்லி. அத்தனையும் காம்போடு.

"ஏமம்மா தாட்சாயணி! ஓணிக்குப் பூ பத்தலன்னு ரூபா அழுதுச்சு. பாலசமுத்திரத்துல எங்க அண்ணன் தோட்டத்துலேர்ந்து பறிச்சாந்தேன். வா, ரெண்டு பேருமா இதழ் பிரிக்கலாம்."

தாட்சாயணிக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. செங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முட்டையும் கொண்டாந்திருக்கேன். இந்த வாரம் கரு இன்னா கலரு பாத்தியா? கோழிங்களுக்கு நான் வெறும் கம்புதான் போடுறேன். விடிஞ்சதும் செவுரு தாண்டிப் பூடுதுங்க, எங்க போயி இன்னாத்தத் துன்னுதுங்களோ!"

தாட்சாயணி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். கோவர்த்தனனின் தட்டில், ரூபாவின் தாவணிக்கு அவள் ஆசைப்பட்ட அதே மஞ்சளில், பாதி ஆம்லெட் மீதம் இருந்தது.